இரண்டு டாலர் பாக்கி

செவ்வாய் மாலை ஆறேகால்.
கெட்டில் கொதிக்கும் முன்பே
கெல்வின் தகர டப்பாவைக் குலுக்கத் தொடங்கிவிட்டார்.
தாமதமாக வந்தவருக்கு ஐம்பது சென்ட்.
புது டிராக்டர் வாங்கியதை மறைத்தவருக்கு ஒரு டாலர்,
சொல்லிப் பீற்றிக்கொண்டவருக்கு இரண்டு.
செய்தித்தாளில் படம் வந்ததற்காகக் கால்நடை மருத்துவர் கட்டினார்;
படத்தில் பாதி முகம் மட்டும் வந்ததற்காக
நானும் கட்டினேன்.

நான் செயலாளர். எழுதுவது என் வேலை.
வந்தோர் பதினான்கு. விடுப்பு சொன்னோர் மூவர்.
பள்ளி நீச்சல்குளத்துக் கூரைக்கு
இன்னும் ஆறாயிரம் வேண்டும்.
சனிக்கிழமை இரும்புக்கடை வாசலில் சாசேஜ் சுடுவது முடிவாயிற்று.
எட்டுக் கிலோ வெங்காயத்தை யார் நறுக்குவது என்பதில்
பதினோரு நிமிடம் போனது.
குறிப்பில் ஒரே சொல்: 'விவாதிக்கப்பட்டது.'

அன்றைய பேச்சாளர் வரவில்லை.
இன்வர்காகிலிலிருந்து தேனீக்களைப் பற்றிப் பேச வருபவர்;
மட்டாவுரா ஆறு சாலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.
"நம்மில் யாராவது பேசுங்களேன்" என்றார் தலைவர் மொய்ரா.
பதினான்கு பேரும் தேநீரைக் கலக்கினோம்,
சர்க்கரை போடாதவர்களும்.

எழுந்தவர் ராவிரி.
நான்கு வருடமாக இந்தக் கூடத்தில் அவர் பேசியது
'பால் வேண்டாம்' என்ற இரண்டு சொல்தான்.
பால் லாரி ஓட்டுகிறவர்,
கறுப்புத் தேநீர் குடிக்கிறவர்.

"மூன்று மணிக்கு
யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும்"
என்று ஆரம்பித்தார்.

பாலத்தடி வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிறது.
பழைய தபால் நிலையத்தில்
பால் கறக்கப் புறப்படும் பிலிப்பைன்ஸ் பையன்கள்;
மணிலாவில் அப்போது பதினொன்று,
தூங்கப்போகும் அம்மாவிடம்
கைபேசியில் ஒரு முகம் காட்டிவிட்டுக் கிளம்புவார்கள்.
ஃபெர்கஸ் பண்ணையில்
கன்று ஈனும் பருவம் முடிந்தும் விளக்கு அணைவதில்லை.

(ஃபெர்கஸ் அங்கேதான் இருந்தார்.
பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார்,
பிறகு நான்காக.)

"ஏன் என்று நான் கேட்டதில்லை.
அந்நேரத்தில் ஹாரன் அடிக்க முடியுமா?
ஹெட்லைட்டை ஒருமுறை தாழ்த்தி உயர்த்துவேன்.
சில நாள் சமையலறைத் திரை அசையும்.
ஆற்றுச் சாலையில் நான்கு வீடு.
தேவாலயச் சந்தில்..."
நிறுத்தினார்.
"தேவாலயச் சந்தில் ஒன்றுமில்லை."

சந்தின் கடைசி வீடு மொய்ராவுடையது.
கணவருக்கு நினைவு தப்பத் தொடங்கி
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
எங்களுக்குத் தெரியும்.
எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
குளிர்பெட்டி உறுமியது.

மொய்ரா எட்டி, கெல்வின் கையிலிருந்த டப்பாவை வாங்கினார்.
"ராவிரி, ஒரு வீட்டை விட்டுவிட்டாய்.
இரண்டு டாலர்."

அவர் சட்டைப்பையைத் தடவினார்.
சில்லறை இல்லை.
மொய்ராவே தன் பணப்பையைத் திறந்து
ஒரு நாணயத்தை உள்ளே போட்டார்.
என் பக்கம் திரும்பி,
"பாக்கி என்று எழுதிக்கொள்" என்றார்.
எழுதினேன்.
ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்;
ஃபெர்கஸ் கொஞ்சம் கழித்து.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே
இரும்புக்கடை வாசலில் எட்டுக் கிலோ வெங்காயம்,
நறுக்கி, இரண்டு வாளிகளில் மூடியோடு.
ஒரு வாளியில் மெல்லிய வளையங்கள்;
மற்றதில், மாட்டுக்குத் தீவனம் வெட்டியது மாதிரி.
எப்போது நறுக்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.
அவர்கள் கண் சிவந்திருந்தது,
வெங்காயம் அல்லவா.

ராவிரி மட்டும் ரொட்டியை நீட்டிக்கொண்டே சொன்னார்:
"ராத்திரி சந்துக்குள் ஃபெர்கஸின் வண்டி நின்றது.
இரண்டு பேரும் கத்தியோடு கையசைத்தார்கள்.
பயந்தே போனேன்."

கூரைக்கு எழுநூற்றுப் பதினான்கு டாலர் சேர்ந்தது.
அடுத்த செவ்வாய்க் குறிப்பில்
'வெங்காயம்: தீர்ந்தது' என்று எழுதினேன்.
அந்த இரண்டு டாலர் இன்னும் வரவில்லை.
ராவிரியிடம் இப்போது சில்லறை இருக்கிறது,
பார்த்தேன்.
தலைவர் கேட்பதாகத் தெரியவில்லை.